அக்காவைப் பார்க்கப் போகிற வாரம்

அத்தியாயம் 11

திங்கட்கிழமை விடியலில் மாயக்காள் வழக்கம்போலத் தூக்குவாளியோடு வந்து ஜீப்பில் ஏறியதும், பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"வியாழக்கிழமை பிளேன் ஏறப் போறவ, இன்னைக்கு எதுக்குடி சோலிக்கு வர்ற?" என்றாள் வீரலட்சுமி.

"வீட்ல இருந்தா பொழுது நகர மாட்டேங்குது மதினி. மலைக்குப் போனா கை பாட்டுக்கு ஓடும். அதோட சேந்து நேரமும் ஓடிரும்."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அழகுமலை, பெண்டாட்டி உட்கார முன்சீட்டைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். போடியிலிருந்து மலைக்கு மேலே, கேரள எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவதும்தான் இருபத்திரண்டு வருஷமாக அவருடைய பிழைப்பு. மாயக்காளுக்குத் தோட்டத்தில் காயெடுப்பு. ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புகிற குடும்பம்.

இந்த வாரம்தான் அந்தக் குடும்பத்தில் ஒருத்தி கடல் தாண்டப் போகிறாள்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மாயக்காள் அந்தக் கடலை எதிர்ப்பக்கமாகத் தாண்டியவள். அப்போது அவளுக்கு எட்டு வயசு. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களை உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்ட காலம். அய்யாவுக்கும் ஆத்தாளுக்கும் மாயக்காளுக்கும் இந்தியா என்று சீட்டு வந்தது. அக்கா ராக்காயிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவளைக் கட்டியவனுக்கு அந்த ஊர்க் குடியுரிமை கிடைத்ததால் பதினேழு வயசு ராக்காயி அங்கேயே தங்கிப்போனாள். அட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது, ரயிலை அங்கே கோச்சி என்றுதான் சொல்வார்கள், ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு மாயக்காளின் தலையைத் தடவிக்கொண்டே பிளாட்பாரம் முடிகிறவரைக்கும் ஓடி வந்தாள்.

கொஞ்ச வருஷம் கடிதம் வந்தது. கலவரத்துக்கு அப்புறம் அதுவும் நின்றது. பெரியவளைப் பற்றி ஒரு தகவலும் தெரியாமலேயே அய்யாவும் ஆத்தாளும் கண்ணை மூடினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தேனியில் தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் மகள் பவித்ரா, தோட்டத்துப் பேரையும் தாத்தா பேரையும் பெரியம்மா பேரையும் எழுதிப் பேஸ்புக்கில் போட்டு வைத்தாள். ஒன்பது மாதம் கழித்து அட்டனிலிருந்து தர்ஷினி என்று ஒரு பெண் பதில் எழுதினாள். நீங்கள் தேடுகிற ராக்காயி என் அம்மாச்சி, உயிரோடு இருக்கிறார், நீங்கள் எழுதியதைச் சொன்னதும் அழுதுகொண்டே இருக்கிறார் என்று.

அப்புறம் வீடியோவில் பேச்சு. அப்புறம் பாஸ்போர்ட்டு, விசா, டிக்கெட்டு. வியாழக்கிழமை மதியம் மதுரையிலிருந்து தாயும் மகளும் பறக்கப் போகிறார்கள். இதுவரைக்கும் நடந்தது இதுதான்.

ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காற்றில் குளிர் கூடியது. கீழே போடி ஊரும் தென்னந்தோப்புகளும் இன்னும் முழுசாக வெளுக்காத வெளிச்சத்தில் கிடந்தன.

"எங்களுக்கெல்லாம் அங்கருந்து என்ன கொண்டாருவ?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நான் திரும்பி வந்தாப் பத்தாதா?"

"நீ வருவ. ஒங்கக்கா விடுவாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாயக்காளும் சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெஞ்சு நிறைந்து கிடந்தது அவளுக்கு. கப்பலில் வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் தகரக் கொட்டகையில் படுத்த நாள் ஞாபகம் வந்தது. ராசிங்காபுரத்தில் அய்யாவின் சொந்தக்காரர்கள் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிய நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர்களுக்கு ஒண்ட இடமில்லை. இன்றைக்குப் போடியில் சொந்தமாக இரண்டு அறையும் ஒரு மாடிப்படியும் இருக்கிறது. கைநீட்டி ஒரு அடி அடிக்காத புருஷன். நாலு பேருக்கு ஊசி போடப் படித்த பிள்ளை. இத்தனையும் கொடுத்த சாமி, கடைசியில் அக்காவையும் தேடிக் கொடுத்துவிட்டது. இனிமேல் அதனிடம் எதையாவது கேட்டால் அது பேராசை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் ஒரு குறை மட்டும் அடங்கவில்லை. போனில் அக்காவின் முகம் வந்தது, குரல் வந்தது. கை வரவில்லை. தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் தலையைக் கோதிக்கொடுத்தபடி அக்கா கதை சொல்லும் ராத்திரிகளுக்கு அப்புறம், அப்படி ஒரு கையை அவள் தலை பார்க்கவில்லை.

போடிமெட்டைத் தாண்டியதும் மஞ்சு இறங்கி ரோட்டை மறைத்தது.

தோட்டத்தில் மாயக்காளும் வீரலட்சுமியும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து வரிசை. இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்காகக் காலில் புகையிலைத் தண்ணீரைப் பூசிக்கொண்டு, ஏலச்செடியின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். தரையோடு படர்ந்து கிடந்த சரங்களில் விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளிக் கூடையில் போட வேண்டும். பிஞ்சில் கை பட்டுவிடக் கூடாது.

பத்து மணிக்குச் சூப்பர்வைசர் தோமாச்சன் வந்தார். கையில் ஏலக்காய் போட்ட ஒரு சின்ன டப்பா.

"ஸ்டோரில் உணக்கினதாணு. நல்ல பச்சை நெறம். சேச்சியுடெ சேச்சிக்கு, எண்டெ வக" என்று நீட்டினார்.

ஸ்டோரில் காயவைத்தது, அக்காவின் அக்காவுக்கு, என் சார்பில். மலையில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அந்த மலையாளம் விளங்காமல் இல்லை. மாயக்காள் எழுந்து நின்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு காயக்கூட நான் இங்கருந்து வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல சார்."

"எனிக்கறியாம். அதுகொண்டாணு தந்நது" என்றுவிட்டு அவர் நடந்துபோனார். எனக்குத் தெரியும், அதனால்தான் கொடுத்தேன் என்று.

மாயக்காள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அக்காவின் மூக்குக்குக் கீழே இதைத் திறந்து காட்டுகிற நேரத்தை நினைத்தாள். நான் இத்தனை வருஷம் இந்த வாசத்தில்தான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நீ இருந்த வாசம் எது, கொடு, நானும் பார்க்கிறேன் என்று கேட்க வேண்டும்.

அந்த நினைப்பில் அவள் இருந்தபோதுதான் வீரலட்சுமி கேட்டாள்.

"ஆமா, பவித்ராவுக்குத் தேதியை மாத்திக் குடுத்துட்டாகளா?"

"எந்தத் தேதிய?"

"வெள்ளிக்கெழமைதான மெட்ராசுக்கு வரச் சொல்லிருக்காக? எங்க ரோஜாவும் வியாழக்கெழம பஸ்சு ஏறுறா. ரெண்டு பேரு பேரும் ஒரே லிஸ்டுல வந்துருக்குன்னு சொன்னாளே."

மாயக்காளின் கை சரத்திலேயே நின்றது.

வீரலட்சுமியின் மகள் ரோஜாவும் பவித்ராவும் ஒன்றாக நர்சுக்குப் படித்தவர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி வேலைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பரீட்சை எழுதினார்கள். மூன்று வருஷமாகப் பவித்ரா காத்திருந்தது அந்தப் பட்டியலுக்காகத்தான்.

"என்ன லிஸ்டு மதினி? வெளங்கச் சொல்லு."

வீரலட்சுமிக்கு அப்போதுதான் தன் வாய் எங்கே போய் நிற்கிறது என்று உறைத்தது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னாள். "செர்டிபிகேட்டு சரிபாக்குறாகளாம். வெள்ளிக்கெழமை காலைல பத்து மணிக்கு. ஆளு நேர்ல போய் நிக்கணும். வரலைன்னா பேரை எடுத்துட்டு அடுத்தவுகளக் கூப்பிட்டுருவாகளாம். ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மாயக்காள் அடுத்த செடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூடையைப் பார்த்தபோது அதில் பாதிக்குப் பாதி பிஞ்சாகக் கிடந்தது.

மூன்று மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. நாலரைக்கு ஜீப்பு கீழே இறங்கத் தொடங்கியது. பின்னால் பெண்கள் படுதாவைத் தலைக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு, அலுப்பில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள்.

மாயக்காளின் மனசுக்குள் ஒரு குரல் பேசியது. அது அவள் குரல்தான்.

தெரியாத மாதிரி இருந்துவிட்டால் என்ன? பிள்ளை தானாகத்தானே முடிவு பண்ணியிருக்கிறாள். நாமாகவா கேட்டோம்? வீரலட்சுமி சொன்னது காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டால், வியாழக்கிழமை மதியம் பிளேன், சாயங்காலம் அக்கா. அக்காவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கண் போய்விட்டது. மற்றொன்றும் மங்கிக்கொண்டே வருகிறது. போன மாதம் பேசும்போது, "மாயி, கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே வந்துரு. பொறவு வந்தா ஒன்னைய தடவித்தான் பாக்கணும்" என்றாள். தை மாதம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று தள்ளிவைக்கிற பயணமா இது?

ஒரு வளைவு போயிற்று. இரண்டாவது வளைவும் போயிற்று.

மூன்றாவது வளைவில் எதிரே லோடு லாரி ஒன்று ஏறி வந்தது. அழகுமலை ஜீப்பை மலையோரமாக ஒதுக்கி நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் மாயக்காளுக்குத் தன்னை நினைத்தே கூச்சமாக வந்தது. பேப்பரில் தன் பேரைப் பார்த்த அன்றைக்கு அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லிச் சந்தோஷப்படக்கூட முடியாமல் இருந்திருக்கிறாள். நாம் அதையும் விழுங்கிவிட்டுப் பிளேன் ஏறப் பார்க்கிறோம்.

"பவித்ராவுக்கு மெட்ராசுல இருந்து ஓலை வந்திருக்கு. ஒங்களுக்குத் தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அழகுமலை லாரியைப் பார்த்தபடியே இருந்தார். லாரி கடந்து போன பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"போன வியாழக்கெழமையில இருந்து."

"நாலு நாளா ஒங்களுக்குத் தெரியும். எங்கூடத்தான் சோறு திங்கிறீக. எங்கூடத்தான் இதே வண்டில வர்றீக."

"அவதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நான் எவ்வளவோ சொன்னேன். அம்மா ஐம்பது வருஷமா காத்திருக்கு, நான் இன்னொரு பரீட்ச எழுதிக்கிறேன்ப்பான்னு சொல்லிட்டா. நான் என்ன செய்ய?"

"அப்பனும் மகளுமாச் சேந்து எனக்குப் பிச்ச போடுறீகளா?"

அழகுமலை திரும்பி அவளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்படிச் சொல்லாத மாயக்கா" என்றார். "ஒனக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்து குடுத்தது என்ன இருக்கு இதுவரைக்கும்?"

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி ஆகவில்லை. பவித்ரா கூடத்தில் உட்கார்ந்து சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு நாலு சேலை, பெரியம்மாவுக்கு இரண்டு சேலை, தர்ஷினிக்கு ஒரு சுடிதார், அக்கம்பக்கத்தில் கொடுக்க முறுக்கும் கடலை மிட்டாயும்.

"அம்மா, அங்க குளிருமாம். ஸ்வெட்டரைக் கையில வச்சுக்கிருவோமா, பெட்டிக்குள்ள வைக்கவா?"

மாயக்காள் ஈரச் சேலையை மாற்றாமல் அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கெழமை காலைல பத்து மணிக்கு ஒனக்கு எங்க சோலி?"

பவித்ராவின் கை ஸ்வெட்டரின் மேல் நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அழகுமலை வாசலில் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"அப்பா சொல்லல. வீரலட்சுமி மதினி சொன்னா" என்றாள் மாயக்காள். "நீ சொல்லிருக்கணும்."

"சொன்னா நீ போமாட்ட."

"சொல்லாட்டி நான் போயிருவேன்னு நெனச்சியா?"

"ஆமா. அதுக்குத்தான் சொல்லல."

பவித்ரா அழவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற நிதானத்தோடு பேசினாள். "அம்மா, நல்லாக் கேளு. பெரியம்மாவோட கண்ணு ரிப்போர்ட்ட தர்ஷினி எனக்கு அனுப்பியிருந்தா. இருக்குற கண்ணும் ரெண்டு மாசம் தாங்குனாப் பெருசு. ஒன் முகத்த அவுக பாக்கணும்னா இந்தப் பயணந்தான். வேலைக்கு இன்னொரு லிஸ்டு வரும்."

"எப்ப வரும்?"

"வரும்மா."

"மூணு வருஷம் ஆச்சு இது வர்றதுக்கு. ஒனக்கு இருபத்தாறு முடிஞ்சிருச்சு. வரும் வரும்னு நாங்களும் அக்கா கடுதாசிக்கு அப்படித்தான் உக்காந்திருந்தோம்."

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா ஆத்தா" என்றாள் மாயக்காள். "சொன்னா என்னைய நீ தப்பா நெனைப்ப. பரவாயில்ல. மலையில இருந்து எறங்கி வரும்போது, தெரியாத மாதிரியே இருந்துருவோமான்னு நெனச்சேன். ரெண்டு வளைவு வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். எங்கக்காவ எனக்கு அம்புட்டுத் தேடுது. பெத்த பிள்ளைய விட்டுக்குடுக்குற அளவுக்குத் தேடிருச்சு, ரெண்டு வளைவுக்கு."

இப்போதுதான் பவித்ராவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. "அதுல என்னம்மா தப்பு?" என்றாள்.

"தப்பில்ல. ஆனா அப்படிப் போயி நான் அவ மடியில தலைய வச்சுப் படுக்க முடியாது. அவ என்ன கேப்பா? ஒம் பிள்ள என்ன செய்யுதும்பா. நான் என்னத்தச் சொல்றது?"

கூரையிலிருந்து மழைத்தண்ணீர் வாசல் பிளாஸ்டிக் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்ப டிக்கெட்ட ரத்து செஞ்சுருவோமா?" என்று வாசலிலிருந்து அழகுமலை மெல்லக் கேட்டார்.

"ஒரு டிக்கெட்ட ரத்து செய்ங்க" என்றாள் மாயக்காள்.

இருவருக்கும் அது புரிய ஒரு நொடி ஆனது.

"ஒண்டியாவா?" அழகுமலை உள்ளே வந்துவிட்டார். "மதுர பெரியாஸ்பத்திரியில மருந்து வாங்கிட்டு வாசலுக்கு வழி தெரியாம சுத்துனவ நீ. நெனப்பிருக்கா? ஏர்போர்ட்டுல இங்கிலீசுல கேப்பான். அந்தப் பக்கம் எறங்குனா சிங்களத்துல கேப்பான். எடுத்தோம் கவுத்தோம்னு செய்ற காரியமா இது? எனக்காவது ஒரு பாஸ்போர்ட்டு எடுத்து வச்சிருந்தா கூட வந்துருப்பேன். அன்னைக்கே பவி படிச்சுப் படிச்சுச் சொன்னா. எனக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்."

"எட்டு வயசுல வந்தேன். அப்ப எனக்கு எந்தப் பாஷ தெரியும்? எங்க போறோம்னுகூடத் தெரியாது. கப்பல்ல ஏத்துனாக, வந்தேன். இப்ப எங்க போறேன்னு தெரியும். யாரப் பாக்கப் போறேன்னு தெரியும். இது போதாதா?"

"அன்னைக்கு ஒங்கய்யா கையப் புடிச்சிருந்தாரு."

"ஆமா" என்றாள் மாயக்காள். பயமாகத்தான் இருந்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு போய் இறங்குகிற மாதிரியே இத்தனை நாளும் நினைத்து வைத்திருந்தாள். அக்காவின் முன்னால் பவித்ராவை நிறுத்தி, பாருக்கா, நான் பெத்தது என்று சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அந்த இடம் இப்போது வெறுமையாகிவிட்டது. அது வலித்தது. வலித்தாலும், போக வேண்டும் என்ற ஆசை ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

பவித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீல்சேர் வேணும்னு எழுதிக் குடுத்தா அம்மாவ அவுக ஆளே உள்ள கூட்டிட்டுப் போயி சீட்டுல உக்கார வச்சிருவாகப்பா. அங்க எறங்குனாலும் ஒரு ஆளு வெளிய வரைக்கும் கொண்டாந்து விட்டுரும். எல்லாரும் அப்படித்தான் செய்றாக."

"மல ஏறுற காலுக்கு வீல்சேரா?" என்றாள் மாயக்காள்.

"காலுக்கு இல்லம்மா. வழிக்கு."

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு. அவள் சிரித்ததைப் பார்த்துப் பவித்ராவும் சிரித்தாள்.

அழகுமலை மட்டும் சிரிக்கவில்லை. சூட்கேஸைத் தூக்கிப் பார்த்தார். கனத்தைக் கையில் நிறுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு தரம் ஆட்டினார். பிறகு கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மதுர வரைக்கும் நம்ம ஜீப்புல நானே கொண்டாந்து விடுறேன். புதன்கிழமையே ஆயில் மாத்திப் போடுறேன். அதுக்கு மேல ஆகாசம். அங்க எனக்கு ரோடு இல்ல."

"அம்புட்டுப் போதும்" என்றாள் மாயக்காள். அவர் பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

ஆறரை மணிக்குப் பவித்ரா அட்டனுக்கு வீடியோ கால் போட்டாள். முதலில் தர்ஷினியின் முகம் வந்தது. விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ சித்தி, நீங்க வரமாட்டீங்களா?" என்று வருத்தப்பட்டாள். பிறகு போன் கை மாறியது. ஆட்டமாக ஆடிய படத்தில் லயத்து வீட்டின் பச்சைச் சுவரும், ஒரு காலண்டரும், கடைசியில் ராக்காயியும் வந்தார்கள். லயம் என்பது தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் நீளமான வரிசை வீடு. மாயக்காள் பிறந்ததும் அந்த மாதிரி ஒன்றில்தான்.

ராக்காயி போனை நல்ல கண்ணுக்கு நேராக, முகத்தோடு ஒட்டிப் பிடித்தாள். திரை முழுக்க ஒரு கண்ணும் நரைத்த புருவமும்தான் தெரிந்தன.

"மாயி, சாமான் எல்லாம் கட்டிட்டியா?"

"கட்டியாச்சுக்கா. ஆனா ஒரு சங்கதி. பவித்ரா வரல. அவளுக்குக் கவருமெண்டு வேலைக்கு வெள்ளிக்கெழமை கூப்புட்டுருக்காக. நான் மட்டுந்தான் வர்றேன்."

அந்தப் பக்கத்தில் சத்தமில்லை.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது" என்றாள் ராக்காயி. "பிள்ளைக்கு வேலை கெடைக்கட்டும். ரொம்பச் சந்தோசம். அவளப் பொறவு பாத்துக்கிரலாம். நீ தனியாவா வார?"

"தனியாத்தான். ஏன்க்கா, கஷ்டமா இருக்கா ஒனக்கு?"

"இல்ல மாயி. தனியா வாரதும் ஒரு வகைக்கு நல்லதுதான்." ராக்காயி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இப்போது முழு முகம் தெரிந்தது. "கொழும்புக்கு நானும் தர்ஷினியும் வேன் புடிச்சு வாரதாத்தானே சொன்னேன். டாக்டர் என்னைய அவ்வளவு தூரம் போகக் கூடாதுன்னுட்டாரு. நான் இங்கயே வாசல்ல உக்காந்திருக்கேன். ஒன்னையக் கூட்டியார வேற ஒருத்தர் வருவாரு."

"யாருக்கா?"

"ஒனக்குத் தெரியாது. அவருக்கு ஒன்னையத் தெரியும். ஒன்னைய எப்பப் பாப்பேன்னு அவரும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு." ராக்காயி பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஏர்போர்ட்டுக்கு வெளிய ஒன் பேர எழுதிப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. அவரப் பாத்ததும் ஒனக்கு நம்ம அய்யா ஞாபகம் வரும். பயந்துறாத. மிச்சத்த நேர்ல சொல்றேன்."

"அக்கா, என்ன சொல்ற நீ? யாரு அது?"

ராக்காயியின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. படம் அப்படியே உறைந்து நின்று, பிறகு இருட்டிப்போனது. பவித்ரா மறுபடியும் போட்டுப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை. "அங்கயும் மழை போல, டவர் இல்ல" என்றாள். அடுக்களையில் பால் பொங்கியது காதில் விழவே எழுந்து ஓடினாள். பெரியம்மா கடைசியாகச் சொன்னதை அவள் சரியாகக் கேட்கவில்லை என்று மாயக்காளுக்குத் தோன்றியது.

மாயக்காள் அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அய்யா செத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் அவர் பெரியவளின் பேரை மட்டும்தான் சொன்னார் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், அந்த வாய்க்குழறலில் இன்னொரு பேரும் இருந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அது யாருக்கும் பிடிபடவில்லை. ஜுர வேகம் என்று விட்டுவிட்டார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த அழகுமலை, அவள் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு எதிரில் நின்றார்.

"என்ன சொல்றாக ஒங்கக்கா?"

"கூட்டிட்டுப் போக ஆளு அனுப்புறாகளாம்."

"யார?"

மாயக்காள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷமாக இந்த மனிதரிடம் எதையும் மறைத்ததில்லை. ஆனால் இதைச் சொல்ல அவளிடமே ஒன்றும் இல்லை.

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு முழு நாள் கிடந்தது.